வரைபடத்தின் பிழையா, வானத்தின் பிழையா?

போர்முனை. பீரங்கி முழக்கம் காதில் விழும் தொலைவு. 1915ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள். செர்மானியப் படையிலே பணியாற்றும் நாற்பத்திரண்டு வயது வானியல் அறிஞர் ஒருவர் கடிதம் எழுதுகிறார். வெற்றிச் செய்தியா? அல்ல. வீட்டாருக்கு விடைகூறும் மடலா? அதுவும் அல்ல. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அந்த நவம்பர்த் திங்களில்தான் பெர்லின் அறிவியற் கழகத்தின் முன் தமது புதிய ஈர்ப்புக் கொள்கையை வைத்திருந்தார். அதன் சமன்பாட்டுக்குத் துல்லியமான விடையொன்று கண்டுவிட்டேன் என்று, அந்த ஐன்ஸ்டைனுக்கே எழுதுகிறார்!

அவர்தான் கார்ல் சுவார்சில்டு. ஐன்ஸ்டைன் வியந்தார்; 1916 சனவரியில் அந்த விடையைக் கழகத்தின் முன் தாமே எடுத்து வைத்தார். எழுதியவரோ நெடுநாள் வாழவில்லை. போர்முனையில் பற்றிய கொடிய தோல்நோய் அவரை 1916 மே 11ஆம் நாள் கொண்டுபோயிற்று. அவர் விட்டுச் சென்ற சில பக்கக் கணக்கு மட்டும் சாகவில்லை. அது ஒரு கேள்வியை ஈன்றது. அந்தக் கேள்வி நாற்பத்தைந்து ஆண்டுக் காலம் உலகின் கூர்த்த மதிகளையெல்லாம் திணற அடித்தது.

என்ன கேள்வி? உருண்டையான ஒரு பொருளைச் சுற்றிக் காலமும் வெளியும் எவ்வாறு வளைகின்றன என்பதை அவர் வாய்பாடு கூறிற்று. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆரத்தில் அந்த வாய்பாடு வெடித்தது. ஓர் உறுப்பு சுழியாயிற்று. மற்றோர் உறுப்பு எல்லையின்றிப் பெருகிற்று. ஞாயிற்றுக்கு அந்த ஆரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நாம் வாழும் பூமிக்கு 9 மில்லிமீட்டர். பூமி முழுவதையும் பிள்ளைகள் ஆடும் கோலிக்குண்டு அளவுக்கு நசுக்கினால்தான் அந்த நிலை வரும்! அங்கே காலம் நின்றுவிடுகிறதா? வெளி கிழிந்துவிடுகிறதா? அல்லது, நம் கணக்கு முறையிலேதான் கோளாறா?

நாம் கணக்கறிஞர் அல்லோம். கலைக்கல்லூரியில் பட்டம் பெற்றுப் பள்ளியில் வரலாறு சொல்லித்தரும் ஆசிரியரே. எனினும் இந்தக் கதையைச் சொல்லத் துணிந்தோம். ஏன்? இன்று கருந்துளை என்று எல்லோரும் அறிந்த அந்தப் பொருளின் வரலாறு, வானத்தின் வரலாறு மட்டுமன்று. அறிவு எங்கே இடறிற்று, எப்படி எழுந்தது என்பதன் வரலாறு.

மாணவன் கேட்ட கேள்வி

வகுப்பறைச் சுவரிலே உலகப்படம் தொங்குகிறது. ஒரு சிறுவன் எழுந்து கேட்கிறான்: "ஐயா, கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரியதா?"

நல்ல கேள்வி! படத்தில் அப்படித்தான் தெரிகிறது. உண்மையிலோ ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரியது. 1569இல் மெர்க்கேட்டர் வகுத்த முறையில் வரைந்த படம் அது. கடலோடிக்குத் திசை பிறழாமல் இருக்கவேண்டும் என்பதற்காகக் கோணங்களைக் காப்பாற்றினார். அளவுகளைப் பலி கொடுத்தார். வடக்கேயும் தெற்கேயும் போகப்போக நிலம் நீண்டு வீங்கும். துருவமோ படத்திலேயே இராது. அதைக் காட்டவேண்டுமானால் தாள் முடிவே இல்லாமல் நீளவேண்டும்.

ஆகவே தென்துருவம் எட்டாத் தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? 1911 டிசம்பர் 14ஆம் நாள் அமுண்ட்சென் அங்கே காலூன்றி நின்றாரே! படம் "முடிவிலி" என்ற இடத்தில் மனிதனின் காலடி பதிந்தது. பிழை நிலத்தில் இல்லை, படத்தில்.

சுவார்சில்டு வாய்பாட்டில் நேர்ந்ததும் இதுவே. வெகு தொலைவில் நிற்பவரின் கடிகாரத்தைக் கொண்டு அவர் காலத்தை அளந்தார். அந்தக் கடிகாரத்தின்படி, விழும் பொருள் அந்த ஆரத்தை அடைய முடிவிலாக் காலம் ஆகும். ஆனால் விழுகின்றவரின் கைக்கடிகாரம்? அது சில நொடிகளோ சில மணிகளோதான் காட்டும். அவர் கடந்து போய்விடுவார்! முடிவிலி என்பது அளக்கும் முறையின் குறை. அளக்கப்படும் வெளியின் குறை அன்று.

இப்போது எளிதாகச் சொல்லிவிட்டோம். அன்றோ?

கண் முன்னே இருந்தும் காணாதவர்கள்

1921இல் பிரெஞ்சுக் கணித மேதை பெய்ன்லேவே வேறோர் அளவு முறையில் விடை எழுதினார். நாட்டின் தலைமை அமைச்சராகவும் இருந்தவர் அவர். 1922இல் சுவீடன் நாட்டுக் குல்ஸ்ட்ராண்டு அதே விடையைத் தனியாகக் கண்டார். அந்த விடையில் சுவார்சில்டு ஆரத்தில் எந்த வெடிப்பும் இல்லை. வழுவழுவென்று கடந்து போகலாம். புதிரின் திறவுகோல் கையிலே! ஆனால் இருவரும் என்ன கருதினார்கள்? ஒரே கேள்விக்கு இரண்டு விடை தருகிறதே, இந்தக் கொள்கையிலேயே குறை இருக்கிறது என்று கருதினார்கள். இரண்டும் ஒரே நிலத்தின் இரண்டு படங்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கு நோபெல் பரிசு தரலாகாது என்று பரிசுக் குழுவிலே வாதாடியவர் இந்தக் குல்ஸ்ட்ராண்டே!

1924இல் இங்கிலாந்தின் எடிங்டன் மற்றொரு மாற்று முறையை எழுதினார். அதிலும் வெடிப்பு மறைந்திருந்தது. தாம் என்ன செய்துவிட்டோம் என்பதை அவரும் கவனிக்கவில்லை.

முதலில் தெளிவாக உரைத்தவர் யார்? 1933இல் பெல்சியம் நாட்டு லெமேத்ரு. அவர் கத்தோலிக்கப் பாதிரியார்! அந்த ஆரத்தில் தோன்றும் வெடிப்பு பொய்த்தோற்றம். அளவு முறையை மாற்றினால் அகன்றுவிடும் என்று அவர் காட்டினார். பகுத்தறிவு பேசும் நாம் இதைச் சொல்லத் தயங்கலாமா? தயங்கோம். சொன்னவர் அணிந்திருந்த அங்கியை நாம் பார்க்கவில்லை, கணக்கைப் பார்த்தோம், கணக்கு சரி. சொல்பவர் யாரெனப் பாராது சொல்லின் மெய்யைக் காண் என்று வள்ளுவர் அறிவுக்குத் தந்த இலக்கணத்தின் பொருள் இதுவன்றோ? உலகமோ அவர் சொன்னதைக் கால் நூற்றாண்டுக் காலம் செவிமடுக்கவில்லை.

பெரும் பெயர்களின் தீர்ப்பு

இனி, தமிழ் நெஞ்சில் தைக்கும் ஒரு கட்டம்.

1930ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த பத்தொன்பது வயதுத் தமிழிளைஞர் சந்திரசேகர், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிறார். கடற்பயணத்திலே கணக்குப் போடுகிறார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் சுருங்கி வெண்குள்ளன் என்னும் நிலையில் அமைதி கொள்ளும் என்பது அன்றைய முடிவு. எல்லா விண்மீனும் அப்படி அமைதி கொள்ளுமா? இல்லை! ஓர் எடைக்கு மேல் அந்த அமைதி கிட்டாது என்று அவர் கணக்கு சொல்லிற்று. ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு: அதுவே சந்திரசேகர் வரம்பு. அதற்கு மேற்பட்டால், வெண்குள்ளனாக நிற்க இயலாது; சுருக்கம் தொடரும்.

1935 சனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் தம் முடிவை விளக்கினார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். 1919 ஞாயிறு மறைப்பின்போது ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனின் புகழை உலகெங்கும் பரப்பிய அதே எடிங்டன்! அவர் என்ன சொன்னார்? இந்தக் கணக்கை நம்பினால், விண்மீன் சில கிலோமீட்டர் ஆரத்துக்குச் சுருங்கி, ஈர்ப்பு தன் ஒளியையே வெளிவிடாமல் பிடித்துக்கொள்ளும் நிலை வரும். அது அபத்தம். அப்படி நடக்காமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கவேண்டும் என்றார். அவையிலே சிரிப்பு.

கவனிப்பீர்! எடிங்டன் கருந்துளையைக் காணாதவர் அல்லர். தெளிவாகக் கண்டார். கண்டதைக் கண்ணால் தள்ளினார். "இப்படி இருக்கலாகாது" என்பது அவர் விருப்பம். விருப்பத்தை விதி ஆக்கினார். தனியே பேசும்போது இளைஞர் சொல்வதே சரி என்று ஒப்பிய அறிஞர்கள் இருந்தார்கள். அவர்கள் பொது அவையில் வாய் திறக்கவில்லை! சந்திரசேகர் அத்துறையை விட்டு வேறு ஆய்வுகளுக்குப் போனார். அரை நூற்றாண்டு கழித்து, 1983இல், அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

எடிங்டன் மட்டுமா? 1939இல் ஐன்ஸ்டைனே ஒரு கட்டுரை எழுதினார். துகள்களின் கூட்டமொன்று தன் ஈர்ப்பிலே தானே வட்டமிட்டுச் சுழல்வதாகக் கொண்டார். கூட்டம் சுவார்சில்டு ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சுருங்குமுன்பே, துகள்கள் ஒளியின் விரைவோடு ஓடவேண்டி வரும்; அது இயலாது. ஆகவே அத்தகைய பொருள் இயற்கையில் இல்லை என்று முடித்தார். கணக்கிலே பிழையில்லை. பிழை "ஆகவே" என்ற சொல்லில் இருந்தது! அங்கே நிலையாக நிற்க முடியாது என்பதுதான் கணக்குச் சொன்னது. நிற்க முடியாதது விழுமே! விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை.

கேட்டவர்கள் அதே ஆண்டிலே இருந்தார்கள். அமெரிக்காவில் ஓப்பன்ஐமரும் அவர் மாணவர் சிண்டரும், 1939 செப்டம்பர் 1ஆம் நாளிட்ட ஆய்விதழில், விண்மீன் இடைவிடாது விழுந்து சுருங்குவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். தொலைவில் நிற்பவருக்கு அது மேலும் மேலும் மங்கி, அந்த ஆரத்தை ஒட்டி உறைந்ததுபோல் தோன்றும். விண்மீனோடு விழுபவருக்கோ, கடப்பது குறுகிய காலத்தில் முடிந்துபோகும். அந்த நாளில்தான் இட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. உலகம் வேறு பக்கம் திரும்பியது. ஓப்பன்ஐமரும் அணுகுண்டு ஆக்கப் போனார்.

ஒளி வகுத்த வேலி

போர் முடிந்தபின் அந்தப் பழைய முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்த்த கருவி எது? காரணமும் காரியமும்!

குளத்தில் கல்லெறிந்தால் அலைவட்டம் விரிகிறது. அதுபோல, ஒரு நிகழ்ச்சியிலிருந்து ஒளி நாற்புறமும் விரிகிறது. காலத்தை மேல்நோக்கிய கோடாக வரைந்தால், விரியும் ஒளி ஒரு கூம்பாகத் தெரியும். அதுவே ஒளிக்கூம்பு. ஒளியை விஞ்சி எதுவும் ஓடாது. எனவே, ஒரு நிகழ்ச்சி எதையெதை விளைவிக்க முடியுமோ அவையெல்லாம் அதன் கூம்புக்குள்ளே. வெளியே இருப்பதை அது தொடவே முடியாது. இந்த வேலி எந்த அளவு முறையையும் சார்ந்ததன்று. படம் மாறலாம், யார் யாரைத் தொடமுடியும் என்பது மாறாது.

ஈர்ப்பு மிகுந்த இடத்தில் இந்தக் கூம்புகள் உள்நோக்கிச் சாய்கின்றன. நெருங்க நெருங்கச் சாய்வு மிகும். சுவார்சில்டு ஆரத்தில், கூம்பின் வெளிவிளிம்பு நேர் செங்குத்தாக நிற்கிறது. அதாவது, வெளியே ஓட முயலும் ஒளி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கு உள்ளே இரண்டு விளிம்பும் உட்புறமே சாய்ந்துவிடுகின்றன. வெளியே செல்லும் வழி என ஒன்றே இல்லை. 1958இல் டேவிட் பிங்கெல்ஸ்டைன் இதைத் தெளிவாக்கினார்: அந்த ஆரம் சுவர் அன்று, ஒருவழிக் கதவு. உள்ளே போகலாம், திரும்ப முடியாது. அதற்குத்தான் நிகழ்வெல்லை என்று பெயர்.

1960இல் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமல், முழுப்படத்தையும் வரைந்தார்கள். அமெரிக்காவில் குருஸ்கல். ஆத்திரேலியாவில் செக்கரஸ், அங்கேரியில் பிறந்து, நாட்டை விட்டு ஓடி, சாங்காயில் அகதியாய் வாழ்ந்து, அடிலெய்டில் ஆசிரியரானவர் அவர். அந்தப் படத்தில் நிகழ்வெல்லை வெறும் சாய்கோடு. வெடிப்பும் இல்லை, கிழிசலும் இல்லை. கணக்களவில், மறுபக்கத்தில் இன்னோர் உலகமும் தோன்றிற்று! ஆனால் இரண்டுக்கும் இடையேயுள்ள பாலம், ஒளி கடக்குமுன்பே அறுந்துவிடும் என்று 1962இல் புல்லரும் வீலரும் காட்டினார்கள். விண்மீன் சுருங்கிப் பிறக்கும் கருந்துளைக்கு அந்த மறு உலகமே கிடையாது.

உள்ளே போனவர் கதி? அங்கே ஆரத்தின் குறைவுதான் காலத்தின் ஓட்டம். நாம் நாளைக்குப் போகாமல் இருக்க முடியுமா? அவ்வாறே அவரும் நடுவை நோக்கிப் போகாமல் இருக்க முடியாது. நடுவிலுள்ள ஒருமைப்புள்ளி ஓர் இடமன்று, விலகிச் செல்ல. அது அவருக்கு வரவிருக்கும் ஒரு நாள்! ஞாயிற்றின் எடையுள்ள, சுழலாத கருந்துளையானால், எல்லையைக் கடந்தபின் எஞ்சும் காலம் ஒரு நொடியில் இலட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. 650 கோடி ஞாயிற்றின் எடையானால், மிஞ்சிப்போனால் 28 மணி நேரம். அவ்வளவு பெரிய எல்லையைக் கடக்கும்போது உடலுக்கு எந்த வலியும் இராது. எச்சரிக்கைப் பலகையும் இராது.

முழுமையைக் கண்ட மதி

இன்னும் ஓர் ஐயம் எஞ்சிற்று. இவையெல்லாம் பிசகில்லா உருண்டைக்குப் போட்ட கணக்கு. மெய்யான விண்மீன் மேடும் பள்ளமும் சுழற்சியும் உடையது; சுருங்கும்போது துகள்கள் ஒன்றையொன்று தப்பி மீண்டும் விரிந்துவிடாதா? விரியும் என்றே உருசியாவில் லிப்சிட்சும் கலாத்னிகோவும் வாதித்தார்கள்.

1955இல் கல்கத்தாவில் அமல்குமார் இராய்சௌதுரி ஒரு சமன்பாடு எழுதினார். ஈர்ப்பு, பாதைகளை ஒன்றையொன்று நோக்கிக் குவிக்கும் என்பதே அதன் சாரம். அந்தக் குவிவைக் கருவியாகக் கொண்டு, 1965 சனவரியில் இலண்டனில் ரோசர் பென்ரோசு மூன்றே பக்கத்தில் ஐயத்தைத் தீர்த்தார். அவர் எந்தச் சமன்பாட்டையும் முழுவதும் அவிழ்க்கவில்லை. சிறைப்பட்ட பரப்பு என்ற ஒரு கருத்தைக் கொணர்ந்தார். ஒரு பரப்பிலிருந்து உள்நோக்கி விட்ட ஒளியும் குறுகுகிறது. வெளிநோக்கி விட்ட ஒளியும் குறுகுகிறது. அத்தகைய பரப்பு ஒருமுறை தோன்றிவிட்டால், உருவம் கோணலாயினும் நேராயினும், உள்ளே சில பாதைகள் முடிந்தே தீரும். பொருளின் ஆற்றல் எதிர்மறை ஆகாத வரை தப்பே இல்லை. லிப்சிட்சும் கலாத்னிகோவும் 1970இல் தங்கள் பழைய முடிவைக் கைவிட்டார்கள். தோல்வியா அது? அன்று! அறிவின் வெற்றி.

பென்ரோசு மற்றொன்றும் செய்தார். மெர்க்கேட்டர் கோணத்தைக் காத்து, துருவத்தை முடிவிலிக்குத் தள்ளினாரே! பென்ரோசு ஒளியின் கோணத்தைக் காத்து, முடிவிலியைத் தாளுக்குள் இழுத்து வந்தார். எல்லையற்ற காலமும் எல்லையற்ற வெளியும் ஒரு முக்கோணத்துக்குள், ஒரு சாய்சதுரத்துக்குள் அடங்கின. இடறிவிட்ட அதே கலை, இப்போது வழிகாட்டிற்று! அந்தப் படத்தைப் பார்த்தால்தான் நிகழ்வெல்லையின் உண்மைப் பொருள் விளங்கும். ஓரிடத்தில் நின்று அதை அளக்க முடியாது. எந்த ஒளி என்றென்றைக்கும் வெளியேறாது என்பது தெரிந்தால்தான் அந்தக் கோட்டை வரையமுடியும். பகுதியைப் பார்த்தவர்க்கு அது புலப்படாது; முழுமையைப் பார்த்தவர்க்கே புலப்படும். வரலாற்று ஆசிரியருக்கு இது புதிய பாடமா? திரும்ப முடியாத கோட்டை எந்த நாளில் கடந்தோம் என்பது, கடந்த நாளில் எவருக்குத் தெரிந்திருக்கிறது?

வானம் சொன்ன சான்று

கணக்கு இருக்கட்டும், கண்ணால் கண்டது உண்டா? உண்டு. 2015 செப்டம்பர் 14ஆம் நாள் அமெரிக்காவில் லைகோ கருவிகள் ஓர் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. 36 ஞாயிறும் 29 ஞாயிறும் எடைகொண்ட இரு கருந்துளைகள் மோதி, 62 ஞாயிற்றின் எடையுள்ள ஒன்றாயின. எஞ்சிய 3 ஞாயிற்றின் எடை அலையாய்ப் பரந்தது. 2019 ஏப்பிரல் 10ஆம் நாள், ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 87 விண்மீன் திரளின் நடுவே, ஒளிவளையத்துக்குள் கருநிழல். அதன் படத்தை உலகம் கண்டது. 2022இல் நம் பால்வீதியின் நடுக் கருந்துளையும் படமாயிற்று. 2020இல் நோபெல் பரிசு பெற்றபோது பென்ரோசின் அகவை 89.

இவ்வளவும் தெரிந்தபின் கேள்வி தீர்ந்ததா? தீரவில்லை. 1963இல் நியூசிலாந்து நாட்டுக் கெர், சுழலும் கருந்துளைக்கு விடை கண்டார். அதன் உள்ளே இரண்டாவது எல்லை ஒன்று உண்டு. அதற்கும் அப்பால் கணக்கை நீட்டினால், ஒருவர் தம் கடந்த காலத்துக்கே திரும்பும் பாதை தென்படுகிறது என்று 1968இல் பிராண்டன் கார்ட்டர் காட்டினார். காரணத்துக்கு முன்னே காரியம்! மகன் பிறந்தபின் தந்தை பிறப்பதா? ஆனால் அந்த உள் எல்லையோ உறுதியற்றது. உள்ளே விழும் சிறு ஒளியும் அங்கே பேராற்றலாய்ப் பெருகி அதைச் சிதைக்கும் என்று பென்ரோசு சுட்டினார். ஒருமைப்புள்ளிகள் எல்லைக்குப் பின்னே எப்போதும் மறைந்தே இருக்கும் என்று 1969இல் அவர் சொன்ன ஊகம் இன்னும் முழுதும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இங்கேதான், தோழர்களே, நாம் எடிங்டனை நினைவுகூர வேண்டும். பழிப்பதற்காக அன்று, எச்சரிக்கைக்காக. அவரும் ஐன்ஸ்டைனும் அறிவில் குறைந்தவர்களா? இல்லவே இல்லை. ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாடுதானே ஐன்ஸ்டைன் வழங்கிய தீர்ப்பை மாற்றி எழுதிற்று! வீலரும் 1958இல் பிரசெல்சு மாநாட்டில் இந்தச் சுருக்கத்தை மறுத்தவர். சில ஆண்டுகளில் கருத்தை மாற்றிக்கொண்டு, 1967இல் கருந்துளை என்ற பெயரை உலகெங்கும் பரப்பினார். மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் பெயர் அதனால் குன்றிற்றா? ஓங்கிற்று.

எனவே, காலம் பின்னோக்கி ஓடும் பாதை உண்டு என்று ஒரு கணக்குச் சொன்னால், அபத்தம் என்று சிரிக்கவும் வேண்டா. அற்புதம் என்று கும்பிடவும் வேண்டா. படத்தின் பிழையா, நிலத்தின் இயல்பா என்று கேட்போம். சொன்னவர் பெயரைப் பார்த்து நம்பவும் வேண்டா; பெயரில்லாதவர் என்று தள்ளவும் வேண்டா. அன்று அந்த அவையிலே இருபத்துநான்கு வயது இளைஞர் தனித்து நின்றார். உண்மை தெரிந்தவர்கள் ஊமையாய் அமர்ந்திருந்தார்கள். அடுத்த முறை அத்தகைய அவையொன்றில் நாம் இருக்க நேர்ந்தால், எந்த இருக்கையில் அமர்ந்திருப்போம்?

வகுப்பிலே அந்தச் சிறுவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். அவனை அமரச் சொல்லாதீர்கள். கேட்கட்டும்!